கடைக்குப் புதியவரா? உடற்குறையுள்ள வாடிக்கையாளரை இப்படிக் கவனியுங்கள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையிலோ நகைக்கடையிலோ உணவகத்திலோ மளிகைக் கடையிலோ வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரத்தில் ரசீது போடும் இயந்திரம், சரக்கு அடுக்கும் முறை, இடைவேளை நேரம் எல்லாவற்றையும் சொல்லித் தந்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்து வாசற்படிக்கு வெளியே காத்திருந்தால் என்ன செய்வது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதனால் புதியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பார்க்காதது போல் திரும்பிக்கொண்டு சேலை மடிக்கிறார்கள். இல்லையென்றால் நாலு பேராக ஓடிப்போய் ஆளை நாற்காலியோடு தூக்குகிறார்கள். இரண்டும் வேண்டாம்.

வந்தவருக்கு வேண்டியது மற்ற வாடிக்கையாளருக்கு வேண்டியதேதான். பொருளைப் பார்க்க வேண்டும், விலை கேட்க வேண்டும், முடிந்தால் கொஞ்சம் பேரம் பேச வேண்டும், பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் வாங்காமல் போகவும் வேண்டும். இதில் எது அவருக்குக் கிடைக்காமல் போகிறதோ அதைச் சரிசெய்வதுதான் நம் வேலை. ஊரிலிருந்து புதிதாக வந்து இங்கே கடை வேலையில் சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். விடுமுறையில் பகுதிநேர வேலைக்கு வரும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

கடை திறக்கும் முன்

முதலில் வாசல். இங்குள்ள கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை, நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்தது. வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடப்பதற்காகத்தான் அது. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் அவரவர் தரையை அவரவர் உயரத்தில் போட்டார்கள். இங்கே ஒரு படி, அங்கே ஒரு சரிவு, நடுவில் ஒரு சாக்கடை மூடி என்று அது ஏறி இறங்கிப் போகும். அதன்மேல் நாம் வெங்காய மூட்டையையும் சேலை கட்டிய பொம்மையையும் வைத்துவிட்டால், வெள்ளைக் கோலோடு வருபவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சாலையில் இறங்குவதைத் தவிர வழியில்லை. அது பொது நடைபாதை, நம் கடையின் கிடங்கு அல்ல.

ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சக்கர நாற்காலி ஏறக்குறைய 65 முதல் 70 செ.மீ. அகலம் இருக்கும், தள்ளும் கைக்கும் இடம் வேண்டும். வாசலிலிருந்து கல்லா வரை குறைந்தது 90 செ.மீ. வழி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். திரும்புவதற்கு ஏதாவது ஓரிடத்தில் ஒன்றரை மீட்டர் சதுரம் காலியாக இருந்தால் நல்லது. பெரும்பாலான கடைகளில் வழி ஏற்கெனவே இருக்கும். அதை அடைத்துக்கொண்டு நிற்பது தள்ளுபடிக் கூடைதான். தீபாவளிக்கு முன் அந்தக் கூடைகள் இரண்டு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி இருந்தால் சாய்தளம் வேண்டும். லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டதால், முகப்பை நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. அதனால் மடித்து வைக்கக்கூடிய அலுமினியச் சாய்தளம்தான் பல கடைகளுக்கு எளிய வழி. அதற்கு ஒரு கணக்கு உண்டு: உயரம் ஒன்று என்றால் நீளம் 12. படி 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும். கிடைத்த பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்துவிட்டு “ஏறுங்க, நான் பிடிச்சுக்கிறேன்” என்று சொல்லாதீர்கள். நாற்காலி பின்னால் கவிழும். மின்சக்கர நாற்காலி என்றால் ஆளோடு சேர்த்து 100 கிலோவைத் தாண்டிவிடும், அதைத் தூக்க நினைக்கவே கூடாது. நிரந்தரமாக ஏதாவது கட்ட முடியும் என்று முதலாளி நினைத்தால், கட்டட, கட்டுமான ஆணையத்தின் நிதித் திட்டம் ஒன்று செலவில் ஒரு பகுதியை ஏற்கும் என்று அவரிடம் சொல்லுங்கள். கட்டட உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும்.

சாய்தளம் இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது, எப்படி விரிப்பது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிடங்கில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும் சாய்தளம் இல்லாததற்குச் சமம்.

இன்னும் சில விஷயங்களைக் கால் நடையாகவே தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து எம்ஆர்டி ரயில் நிலையத்தின் எந்த வாயிலில் மின்தூக்கி இருக்கிறது, அங்கிருந்து நம் கடைக்கு எந்தப் பக்கமாக வந்தால் படி குறைவு, சக்கர நாற்காலி நுழையும் கழிவறை அருகில் எங்கே இருக்கிறது. ஒரு மதிய இடைவேளையில் இதை முடித்துவிடலாம். உங்கள் கடைத்தொகுதியிலேயே அப்படிக் கழிவறை இருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். நான் ஒரு கடைத்தொகுதியில் பார்த்தபோது அதற்குள் வாளி, துடைப்பம், பழைய அட்டைப்பெட்டி எல்லாம் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். கதவில் மட்டும் சக்கர நாற்காலிப் படம் பளபளவென்று இருந்தது.

சரக்கு வண்டி ஓட்டுநர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். உடற்குறையுள்ளோருக்கான வாகன நிறுத்துமிடத்தில் “அஞ்சு நிமிஷம்தான்” என்று நிறுத்தக் கூடாது. உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு தரும் வில்லை ஒட்டிய வாகனங்களுக்குத்தான் அந்த இடம். கார்க் கதவை முழுதாகத் திறந்து நாற்காலியை இறக்கவே அதை அகலமாக வைத்திருக்கிறார்கள்.

முதல் ஒரு நிமிடம்

எல்லாரையும் வரவேற்பது போலவே வரவேற்கவும். “வாங்க, என்ன பார்க்கிறீங்க?” போதும். குரலில் இரக்கம் வேண்டாம். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, நல்ல மனத்தோடுதான் செய்கிறோம், ஆனால் அது எதிராளியைக் குத்தும். “எப்படி ஆச்சு? பிறவியிலேயா?” என்று கேட்போம். பிறகு நமக்குத் தெரிந்த எண்ணெய் வைத்தியத்தைச் சொல்வோம். வேண்டிக்கொள்ளக் கோயில் பெயரும் சொல்வோம். அவர் சேலை வாங்க வந்திருக்கிறார், நம்மிடம் வைத்தியம் பார்க்க வரவில்லை. இதே கேள்வியை அன்று காலையிலிருந்து எத்தனை பேர் அவரிடம் கேட்டிருப்பார்களோ.

காசு வாங்க மறுப்பதும் அப்படித்தான். டீக்கு 1 வெள்ளி 50 காசு என்றால் அதை வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். “பரவாயில்ல அண்ணே, வெச்சுக்கோங்க” என்றால் அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

உதவி தேவைப்படும் என்று தோன்றினால் கேளுங்கள்: “ஏதாவது உதவி வேணுமா?” கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கையைச் சும்மா வைத்திருங்கள். இதுதான் பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி. வேண்டாம் என்றால் சரி, பக்கத்தில் எங்காவது இருங்கள். ஆமாம் என்றால், “எப்படிச் செய்யட்டும்?” என்று அடுத்த கேள்வி. தன் உடம்பை எப்படிப் பிடிக்க வேண்டும், தன் நாற்காலியை எங்கே தள்ள வேண்டும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அப்புறம், நீங்க என்று பேசுவது. டவுன் சிண்ட்ரோம் உள்ள முப்பது வயதுக்காரர் அம்மாவோடு வந்தால், நம்மில் பலர் அம்மாவை நீங்க என்றும் அவரை நீ என்றும் பேசிவிடுகிறோம். “உனக்கு என்ன கலர் பிடிக்கும் செல்லம்?” என்கிறோம். அந்த வயதில் வரும் வேறு யாரையாவது செல்லம் என்போமா? சீன, மலாய் வாடிக்கையாளர்களிடமும் இதே அளவுகோல்தான். மற்ற பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டால் இவரையும் அப்படியே கூப்பிடுங்கள்.

கூட வந்தவரிடம் பேசாமல் வந்தவரிடம் பேசுங்கள். சிங்கப்பூரில் இது அடிக்கடி நடக்கும் ஒன்று: பாட்டியைப் பணிப்பெண் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார். நாம் பாட்டியின் தலைக்கு மேலே பார்த்து, இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த அந்தப் பெண்ணிடம் அரைகுறை ஆங்கிலத்தில் “பாட்டிக்கு இட்லி கொடுக்கலாமா?” என்று கேட்போம். பாட்டியோ சுத்தமான தமிழில் “எனக்கு ரவா தோசை” என்பார். முதலில் பாட்டியைக் கேளுங்கள். அவர் பதில் சொல்ல நேரமாகும் என்றால் காத்திருங்கள். அவரே பணிப்பெண்ணைப் பார்த்தால் அப்போது அவரிடம் பேசலாம். பணிப்பெண்ணும் ஒரு வாடிக்கையாளர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள், அவருக்கும் ஒரு நாற்காலி, ஒரு மெனு.

சக்கர நாற்காலியில் வருபவர்

நாற்காலியைத் தொடாதீர்கள், அதில் சாயாதீர்கள், அதன் கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். அது அவர் உடம்பின் பகுதி மாதிரி. நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தால் ஒரு முக்காலியைப் போட்டு நீங்களும் உட்காருங்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காமல் அவர் பேசலாம்.

நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி உயரமாக இருக்கும். தட்டை எடுத்துத் தாழ்வான மேசைக்குக் கொண்டு வாருங்கள். கேட்ட ஒரு சங்கிலியை மட்டும் கொண்டு வந்தால் போதாது, நின்று பார்ப்பவருக்கு எத்தனை வடிவம் கண்ணில் படுமோ அத்தனையையும் கொண்டு வர வேண்டும். பட்டுப் பிரிவு மாடியில் இருந்து மின்தூக்கி இல்லாவிட்டாலும் அதே முறைதான். விலை வரம்பையும் நிறத்தையும் கேட்டுக்கொண்டு ஒரு கை நிறைய அள்ளி வாருங்கள். கீழே இருக்கிற செயற்கைப் பட்டையே திரும்பத் திரும்பக் காட்டி முடித்துக்கொள்ளாதீர்கள்.

உணவகத்தில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு மேசையில் இடம் கொடுங்கள். கழிவறை ஓரத்திலோ வாசல் நடுவிலோ வேண்டாம், எங்கே உட்கார விருப்பம் என்று கேளுங்கள். பண அட்டை இயந்திரத்தின் கம்பி எட்டாவிட்டால் நீங்கள்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். “கார்டைக் கொடுங்க, நான் போட்டுட்டு வரேன்” என்று அட்டையைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோவது சரியான வழி அல்ல.

தேக்கா போன்ற உணவங்காடியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. தட்டைத் திரும்ப வைக்கும் விதி 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் கட்டாயமாகிவிட்டது. ஆனால் உடல் ஒத்துழைக்காதவர்கள்மீது அதற்காக நடவடிக்கை எடுப்பதில்லை. ஊன்றுகோலோடு இருப்பவர் தட்டைத் தூக்கத் தடுமாறினால் “நான் எடுத்துக்கிறேன் அங்கிள்” என்று சொல்லி எடுத்துவிடுங்கள். உணவை மேசைக்குக் கொண்டு போய்க் கொடுப்பதும் அப்படியே. சூடான சூப்போடு ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கோல் என்று யாரும் நடக்க முடியாது.

பார்வையில்லாதவர் சாப்பிட வந்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

அருகில் போய் முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்: “வணக்கம், நான் இங்கே வேலை செய்யறேன், பேரு குமார். மேசைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?” ஆமாம் என்றால் உங்கள் முழங்கையை நீட்டி, அவர் கையின் பின்புறத்தில் லேசாகத் தொடும்படி வையுங்கள். அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை எட்டு முன்னால் நடப்பீர்கள். உங்கள் உடல் ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தெரிந்துவிடும். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர்: “வாங்க வாங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவோம், அல்லது முதுகில் கைவைத்துத் தள்ளுவோம். வெள்ளைக் கோலைப் பிடித்து இழுப்பது அதைவிட மோசம்.

படி வந்தால் நின்று, ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். மேசை வந்ததும் அவர் கையை நாற்காலியின் முதுகில் வைக்க உதவுங்கள். உட்காருவதை அவரே பார்த்துக்கொள்வார். விலகிப் போகும்போது “நான் போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் காலி இடத்தோடு அவர் பேசிக்கொண்டிருப்பார், பக்கத்து மேசை வேடிக்கை பார்க்கும்.

“அதோ, அங்க இருக்கு” என்று கையைக் காட்டுவது பழக்கதோஷம். “உங்க வலது கைப்பக்கம், நாலு அடியில கை கழுவுற இடம்” என்று சொல்லப் பழகுங்கள்.

மெனு இப்போது பல இடங்களில் கியூஆர் குறியீடாகிவிட்டது. மேசையில் ஒட்டிய சதுரத்தை அவர் கைப்பேசியால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வாசித்துக் காட்டட்டுமா என்று கேளுங்கள். வாசிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் வகைகளைச் சொல்லுங்கள்: தோசை வகை, சாப்பாடு, பிரியாணி, பொரித்தவை. எது வேண்டும் என்று அவர் சொன்னதும் அதில் உள்ளதை விலையோடு வாசியுங்கள். விலையை விட்டுவிடாதீர்கள். நாம் எல்லாரும் வலது ஓரத்தைப் பார்த்துவிட்டுத்தானே எதைச் சாப்பிடுவது என்று முடிவுசெய்கிறோம்!

வாழையிலைச் சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நுனி இடப்பக்கம், மேல் பாதியில் தொட்டுக்கொள்பவை, கீழ்ப் பாதியில் சோறு என்று ஓர் ஒழுங்கு ஏற்கெனவே உண்டு. ஆனால் இங்கே பல உணவகங்களில் போடுவது வெட்டிய துண்டிலை, தடவிப் பார்த்து நுனி எது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் பரிமாறும்போதே சொல்லிக்கொண்டு வையுங்கள்: “மேல இடது மூலையில ஊறுகாய், அடுத்து முட்டைக்கோஸ் பொரியல், நடுவுல கத்தரிக்காய், வலது ஓரத்துல அப்பளம். சோறு உங்க முன்னாடி.” தட்டு என்றால் கடிகார முறை சிலருக்குப் பிடிக்கும்: 12 மணியில் கோழி, 3 மணியில் கீரை, 6 மணியில் சோறு. எப்போதும் ஒரே வரிசையில் வைத்தால் அடிக்கடி வருபவர் நீங்கள் சொல்லாமலே சாப்பிடுவார்.

குழம்பு ஊற்றும் முன் சொல்லுங்கள். ரசம் சூடாக இருந்தால் இலையில் ஊற்றுவதைவிடக் கிண்ணத்தில் தரட்டுமா என்று கேளுங்கள், இலையில் ரசம் எந்தப் பக்கம் ஓடும் என்று கண் தெரிந்தவர்களுக்கே தெரியாது. மீன் தலைக்கறி கேட்டால் ஆவி பறக்கும் சட்டி மேசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். முள் எடுத்துத் தரட்டுமா என்று கேட்கலாம், ஆனால் கேட்காமல் பிசையத் தொடங்காதீர்கள். தே தாரிக்கை (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) நுரை தளும்ப ஊற்றாமல் ஒரு விரல் குறைவாக ஊற்றி, குவளையின் பிடி எந்தப் பக்கம் என்று சொல்லி வையுங்கள்.

வழிகாட்டி நாயோடு ஒருவர் வரலாம். சிங்கப்பூரில் அப்படிப்பட்ட நாய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் முதல்முறை பார்க்கும்போது திகைப்பாக இருக்கும். உணவகங்களுக்குள் செல்லப்பிராணிகளை விடக்கூடாது என்று சொல்லித் தந்திருப்பார்கள். வழிகாட்டி நாய்க்கு அதில் விலக்கு உண்டு. பேருந்திலும் எம்ஆர்டியிலும் அது போகலாம். ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகங்களிலும் வழிகாட்டி நாயை அனுமதிக்கலாம் என்பது முயிஸின் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) நிலைப்பாடு. பிரியாணிக் கடையில் வேலை செய்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். வாசலிலேயே நிறுத்தி வாக்குவாதம் செய்தால் கடைக்குத்தான் தலைக்குனிவு. நாயைத் தடவாதீர்கள், மட்டன் துண்டு போடாதீர்கள், அது வேலையில் இருக்கிறது. மேசைக்கு அடியில் அது படுக்கும் அளவுக்கு இடம் உள்ள மூலையாகக் கொடுங்கள். பக்கத்து மேசைக்காரர் முகம் சுளித்தால் அவருக்கு வேறு மேசை தரலாமா என்று கேளுங்கள், நாயோடு வந்தவரை எழுப்பாதீர்கள்.

பார்வையில்லாதவர் சேலை வாங்க வந்தால்

“பார்க்கவா போறீங்க, எதைக் கட்டினா என்ன” என்று வேடிக்கைக்குக்கூட யாரும் சொல்லிவிடக் கூடாது. சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

துணியைக் கையில் கொடுங்கள். பட்டின் கனம், ஜரிகையின் சொரசொரப்பு, பருத்தியின் மொடமொடப்பு எல்லாம் விரலுக்குத் தெரியும். பல நேரம் பதினைந்து வருடம் கடையில் நின்றவரைவிட அவர் விரல் நன்றாகத் தரம் பார்க்கும். நிறத்தை அவர் விரும்பும் அளவுக்கு விவரியுங்கள். வெறும் பச்சை போதாது. கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, மயில்கழுத்தா? கரை எத்தனை விரல் அகலம், முந்தானையில் என்ன கோலம், உடம்பில் புட்டா நெருக்கமா விலகியா? நடுவில் பார்வை இழந்தவருக்கு நிறங்கள் நினைவில் இருக்கும். பிறவியிலேயே பார்வையில்லாதவர், எந்த ரவிக்கைக்கு எது ஒத்துப்போகும், திருமணத்துக்குக் கட்டலாமா, வேலைக்குக் கட்டலாமா என்பதைக் கேட்பார். துணியில் குறை இருந்தால், கறை இருந்தால், அதையும் சொல்ல வேண்டும். மற்றவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதை இவருக்கு நாம் வாயால் சொல்கிறோம், அவ்வளவுதான். அவர் தங்கையைக் காணொளியில் அழைத்துக் காட்டினால் வெளிச்சமான இடத்துக்குக் கொண்டு போங்கள்.

பணம் வாங்கும்போது தொகையை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அட்டையைத் தட்டச் சொல்ல வேண்டும். தொடுதிரையில் ரகசிய எண் போட வேண்டியிருந்தால் பொத்தான் உள்ள இயந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். ரகசிய எண்ணை உங்களிடம் சொல்லச் சொல்லாதீர்கள், அவராகச் சொன்னாலும் வேண்டாம் என்று மறுத்து வேறு வழி பாருங்கள். பேநவ் (கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் முறை) என்றால் கியூஆர் குறியீட்டுக்குப் பதில் எண்ணைச் சொல்லலாம். ரொக்கம் என்றால், சிங்கப்பூர் நோட்டுகள் மதிப்புக்கு ஏற்ப அளவில் பெரிதாகிக்கொண்டே போகும், மேல் மூலையில் தடவிப் பார்க்கும் புள்ளிகளும் இருக்கும். அதனால் 2 வெள்ளி எது, 50 வெள்ளி எது என்று அவருக்குத் தெரியும். மிச்சம் கொடுக்கும்போது கட்டாக உள்ளங்கையில் திணிக்காமல் “இது பத்து, இது அஞ்சு, இது ரெண்டு” என்று ஒவ்வொன்றாக வையுங்கள். அவர் அவற்றைத் தனித்தனியாக மடித்து வைத்துக்கொள்ள நேரம் வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர் பெருமூச்சு விட்டால் விடட்டும்.

காது கேளாதவர்

கத்தாதீர்கள். கத்தினால் முகம் கோபமாகத் தெரியுமே தவிர ஒரு சொல்லும் கூடுதலாகக் கேட்காது. அவர் எதிரே நின்று, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, சாதாரண வேகத்தில் பேசுங்கள். உதட்டசைவைப் படிப்பவர்கள் உண்டு, ஆனால் எல்லாரும் படிப்பதில்லை. அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டே விலை சொன்னால் அது யாருக்குமே சொன்னதாகாது. முகக்கவசம் போட்டு உணவு கையாளுபவர்கள் எழுதிக் காட்டிவிடுவது மேல்.

எழுதுவது என்றால் எந்த மொழியில்? பார்த்தால் தமிழர் என்று தெரிகிறதே என்று தமிழில் எழுதிவிடாதீர்கள். இங்கே பள்ளியில் படித்த காது கேளாதோர் பலர் ஆங்கிலமும் சிங்கப்பூர்ச் சைகை மொழியும் தெரிந்தவர்கள், தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். கைப்பேசியில் எளிய ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து காட்டுங்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலியை அவரே வைத்திருக்கலாம், உங்கள் பக்கம் நீட்டினால் அதில் பேசுங்கள். “நன்றி” என்பதற்கு விரித்த கையை முகவாயிலிருந்து முன்னோக்கி எடுத்தால் போதும். மேலும் கற்க ஆசை இருந்தால் சிங்கப்பூர்க் காதுகேளாதோர் சங்கம் வகுப்புகள் நடத்துகிறது.

நான் கண்ட குறை வேறு. காது கேட்கும் வாடிக்கையாளருக்கு அரை மணி நேரம் பேசுகிற விற்பனையாளர், கேளாதவர் வந்தால் கணிப்பானில் மொத்தத் தொகையைத் தட்டிக் காட்டிக் கட்டை விரலை உயர்த்துவார். வளையல் 916 தங்கமா, எடை எவ்வளவு, இன்றைய கிராம் விலை என்ன, கூலி எவ்வளவு, 9 விழுக்காடு ஜிஎஸ்டி எந்தத் தொகைக்கு, பழைய நகையை எடுத்துக்கொள்வீர்களா, இவை எல்லாம் அவருக்கும் தெரிய வேண்டும். வரிசையாக எழுதிக் காட்டுங்கள். கூலியில் குறைக்கச் சொல்லி அவரும் எழுதுவார், குறைத்து எழுதுங்கள்.

உணவுக் கடையில் இரண்டு படம் வரைந்த அட்டை போதும்: இங்கேயே சாப்பிடவா, தாபாவா (கட்டிக்கொண்டு போகவா). எண் சொல்லிக் கூப்பிடும் கடை என்றால் திரையில் எண் தெரிய வேண்டும், திரை இல்லையென்றால் அவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

திக்கிப் பேசுபவர், பக்கவாதத்துக்குப் பிறகு சொல் தடுமாறுபவர் வந்தால் ஒரே விதி: அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாமல் “மன்னிக்கணும், இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேளுங்கள். தலையாட்டிவிட்டு மசால் தோசைக்குப் பதில் ஊத்தப்பம் கொண்டுபோய் வைப்பதைவிட அது மேல்.

பார்த்தால் தெரியாதவை

கழுத்தில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பட்டையைப் பார்த்திருப்பீர்கள், பேருந்தில் உட்கார இடம் கேட்பதற்காக உள்ளது. வெளியே தெரியாத வலியோ நோயோ உள்ளவர்கள் அதை அணிகிறார்கள். நம் கடைக்குள் அப்படி ஒருவர் வந்தால் நீண்ட நேரம் நிற்க முடியாது என்று அர்த்தம். ஒரு நாற்காலி போடுங்கள், விசாரணை வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ பெரியவருக்கோ நம் கடை ஒரு சோதனைதான். ஒலிபெருக்கியில் பாட்டு, சாம்பிராணிப் புகை, துடிக்கிற குழல் விளக்கு, நெரிசல், எல்லாம் ஒரே நேரத்தில். திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் சூழ்ந்து நிற்காதீர்கள், தொடாதீர்கள், “என்ன பிள்ளை வளர்ப்பு” என்ற பார்வை வேண்டவே வேண்டாம். பாட்டைக் குறையுங்கள், வழியில் நிற்பவர்களை நகர்த்துங்கள், கூட வந்தவரிடம் “என்ன செய்யட்டும்?” என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஓர் அமைதியான மூலையும் சில நிமிடங்களும்தான் தேவைப்படும். எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: ஞாயிறு மாலை வேண்டாம், வார நாளில் காலை கடை திறந்ததும் வாருங்கள்.

முதுமைமறதி உள்ள பெரியவர்கள் அக்கம்பக்கத்திலிருந்து தினமும் வருவார்கள். “காசு கொடுத்துட்டேனே” என்றால் வாதாடாதீர்கள். ரசீதைக் காட்டி ஒரு முறை மெதுவாகச் சொல்லுங்கள். அப்போதும் ஒப்புக்கொள்ளாவிட்டால் மேற்பார்வையாளரிடம் விடுங்கள், குடும்பத்தார் தொலைபேசி எண் அவரிடம் இருக்கலாம். பர்ஸையே நீட்டி “எடுத்துக்கப்பா” என்றால், எடுக்கும் ஒவ்வொரு நோட்டையும் அவர் கண்ணுக்கு எதிரே சொல்லி எடுத்து ரசீதைப் பர்ஸிலேயே வையுங்கள். வீட்டுக்குப் போகும் வழி தெரியாமல் நிற்பவரைத் தனியாக அனுப்பாதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், பையிலோ கையிலோ தொடர்பு எண் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். பல சமூக மன்றங்களும் எம்ஆர்டி நிலையங்களும் இப்படிப்பட்டவர்களைப் பாதுகாப்பாக வைத்துக் குடும்பத்தைத் தொடர்புகொள்ளும் இடங்களாக இருக்கின்றன. எதுவும் முடியாவிட்டால் போலிஸ்.

தொலைபேசியில் கேட்டால்

“உங்க கடைக்குச் சக்கர நாற்காலியில வர முடியுமா?” என்று அழைப்பு வரும். “வாங்க வாங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்பதுதான் நம் வாயில் வரும் முதல் பதில். அதை நம்பி அவர் ஜூரோங்கிலிருந்து கிளம்பி வந்து வாசற்படிக்கு முன்னால் நிற்பார். அளந்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதைச் சொல்லுங்கள்: வாசலில் ஒரு படி, 15 செ.மீ., சாய்தளம் இருக்கு, கதவு 85 செ.மீ., கழிவறை நம்மிடம் இல்லை, பக்கத்துத் தொகுதியில் இருக்கிறது, மாடிக்கு மின்தூக்கி இல்லை, வேண்டியதைக் கீழே கொண்டு வருவோம். வருவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார். எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டுக் கல்லா அருகில் உள்ள குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அன்று பணிநேரத்தில் நீங்கள் இல்லாவிட்டாலும், சாய்தளத்தை எடுத்து வைக்க இன்னொருவருக்குத் தெரியவேண்டும்.